பேய் கேமும் நாலாவது லெவல் கிணறும்



புலனத்துல ஒரு தாயார் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பிச்சோம், நீளமா போயிடுச்சு. அவங்ககிட்டயும் பையன்கிட்டயும் கேட்டுக்கிட்டு, பேரைச் சொல்லாம இங்க போடறோம். பெரிய பதிவுதான், பொறுமையா படிங்க. கேம் விளையாடற பிள்ளைங்க வீட்டுல இருந்தா உங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

அவங்க கேட்டது இதுதான்: “அண்ணே, தம்பி ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கான். விளையாடலையாம், கேம் செய்றானாம். ஹாலோவீன் பேய் கேம். எஸ்.பி.எம். எழுதற வருஷம். கூட்டாளிங்க விளையாடிப் பார்த்துட்டு குப்பைன்னு சொல்லிட்டாங்க. அதுலேருந்து சரியா சாப்பிடல. இது எதுக்காவது ஆகுமா, இல்ல நிறுத்தச் சொல்லட்டுமா? நீங்க பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவங்க விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க. பக்கத்துல உக்காந்து பார்க்க நேரம் ஏது? பையன் நம்ம கோயில்ல வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் பெரிய அண்டாவெல்லாம் கழுவற பையன். பேச்சு கம்மி. நாங்க ‘ஆகாது’ன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே அழிச்சிருப்பான். அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லாம, உக்காந்து விளையாடிப் பார்த்தே சொல்றதுன்னு முடிவு பண்ணோம்.

நாங்கன்னா இளைஞர் பிரிவுக்குத் துணையா இருக்கற மூணு தொண்டர்கள். மூணு பேருக்கும் ஐம்பது தாண்டியாச்சு. இதை டைப் பண்ற கை பாசிர் கூடாங் பக்கம் ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கற கை. கூட, எங்கள்ல ஒருத்தரோட மகளையும் சேர்த்துக்கிட்டோம். நாலாம் ஆண்டு படிக்குது. ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்துல ஒரு லேப்டாப், நாலு பேர்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறோம்.

2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்ல வந்துச்சு, அக்டோபர் 31. அந்த வருஷம்தான் தம்பிக்கு இந்த யோசனை வந்துச்சாம். இது ஓடி, குதிச்சு, மேடை மேடையா தாவிப் போற வகை. பிளாட்ஃபார்ம் கேம்னு சொல்றாங்க. கதாநாயகன், கேப்காம் கம்பெனியோட மெகா மேன் மாதிரி சின்ன நீல ரோபோ. தலையில மட்டும் குடைஞ்ச பூசணிக்காய். இப்படி பிடிச்ச கேமை வச்சு ரசிகர்களே சொந்தமா செய்றதுக்குப் பேரு ஃபேன் கேம். கோடோட்னு ஒரு இலவச மென்பொருள்ல தனியா கத்துக்கிட்டு செஞ்சிருக்கான்.

முதல் லெவல் பூசணித் தோட்டம், வெளவால். எல்லாரும் செய்றதுதான். ரெண்டாவதுல இருந்துதான் எங்களுக்கே நிமிர்ந்து உக்காரத் தோணுச்சு. ராத்திரி ரப்பர் தோட்டம். மரத்துக்கு மரம் பால் மங்கு தொங்குது, தலையில விளக்கு கட்டின ஒரு உருவம் தூரத்துல போய்க்கிட்டே இருக்கு, கிட்டப் போனா விளக்கு மட்டும் இருக்கு. மூணாவது பழைய லயத்து வீடுங்க. நாலாவது தோட்டத்துக் கிணறு. அஞ்சாவதுல வாழைமரக் கூட்டம், அங்க பொந்தியானாக். எல்லாம் அவன் பாட்டி சொன்ன கதைங்களாம். ஹாலோவீன்னு பேரு, ஆனா உள்ள இருக்கறது நம்ம தோட்டத்துப் பேய். இதைக் குப்பைன்னு சொல்ல எங்களால முடியாது.

இப்போ குறை.

முதல் மூணு லெவலை நாங்களே சமாளிச்சோம். நாலாவதுல கிணத்துக்கு மேல பலகைங்க. கால் வச்ச அடுத்த நொடி பலகை விழுது. தாவும்போது, திரையில இல்லாத ஒரு வெளவால் திடீர்னு வந்து முட்டுது. விழுந்தா லெவலோட ஆரம்பத்துக்கே போயிடணும். அஞ்சாவதுல பொந்தியானாக் மூணு அடியில படுத்துடுது.

ஃபேக்டரியில ரிஜெக்ட் வந்தா, எந்த இடத்துல வருதுன்னு கோடு போட்டு எண்ணுவோம். அதே மாதிரி ஒரு தாள்ல அஞ்சு கட்டம் போட்டு, செத்த இடத்துல எல்லாம் ஒரு கோடு போட்டோம். நாலு பேரும் சேர்ந்து 83 தடவை செத்தோம். முதல் லெவல்ல 6, ரெண்டுல 9, மூணுல 7, நாலுல 58, அஞ்சுல 3. அந்த 58-ல 49 அந்த வெளவால் வர்ற ஒரே இடம். பெரியவங்க மூணு பேரும் அங்கேயே சரண்டர். தாண்டினது பாப்பா மட்டும்தான்.

நாங்க விளையாடும்போது தம்பி பின்னால நின்னான். ‘வாயைத் திறக்கக் கூடாது, கீபோர்டைத் தொடக் கூடாது’ன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பாவம், ரெண்டு நிமிஷத்துல “அங்கிள், இப்போ குதிங்க, இப்போ”ன்னு ஆரம்பிச்சுட்டான். கடைசியில ஒரு தடவை நீ போ தம்பின்னு குடுத்தோம். ஒரே மூச்சுல கிணத்தைத் தாண்டிட்டான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவான் போல இருக்கு.

அப்போ ஒரு கேள்வி கேட்டோம். “இந்த அஞ்சுல எதை முதல்ல செஞ்சே?”

“நாலாவது, அங்கிள்.”

விஷயம் அங்கதான் இருந்துச்சு. கிணறுதான் அவன் முதல்ல செஞ்ச லெவல். ஜம்ப் சரியா வருதான்னு பார்க்க நூத்துக்கணக்குல அதையே விளையாடியிருக்கான். கை பழகப் பழக அது ஈஸியா தெரிஞ்சிருக்கு. ஈஸியா தெரியத் தெரிய, ஒரு பலகையைக் குறைச்சான், ஒரு வெளவாலைச் சேர்த்தான். அஞ்சாவது கடைசியா அவசரத்துல செஞ்சது. பத்துத் தடவைகூட விளையாடலையாம். அவன் கைக்கு அஞ்சும் ஒரே அளவு கஷ்டம். புதுசா வர்றவனுக்கு நாலாவது சுவர், அஞ்சாவது வெறும் தரை.

லைன்ல நாங்க பார்க்காததா? பத்து வருஷம் அந்த மெஷின்ல இருந்தவர் வேலைமுறை எழுதினா ஆறு வரியில முடிச்சிடுவார். நேபாளத்துலேருந்து நேத்து வந்த பையன் நாலாவது வரியில நின்னுடுவான். எழுதினவருக்கு அந்த இடத்துல விரல் தானாவே திரும்பும், அதனால அதை எழுதணும்னே தோணியிருக்காது. புது ஆளைச் செய்யவிட்டு, பின்னால சும்மா நின்னு பார்த்தாத்தான் அந்த இடம் தெரியும். சும்மா நிக்கறதுதான் கஷ்டம்.

இதை வச்சு ‘கேம்னா ஈஸியா இருக்கணும்’னு நாங்க சொல்றதா நினைக்காதீங்க. பத்துமலையில 272 படி. கஷ்டம் இல்லையா? காவடி எடுத்தவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆனா கீழ நின்னு பார்த்தாலே முழுசும் தெரியும். இவ்வளவு ஏறணும்னு தெரிஞ்சுதான் முதல் படியில கால் வைக்கிறோம். நடுவுல நின்னு மூச்சு வாங்க இடமும் இருக்கு. நிக்கறவங்க திரும்ப முதல் படியிலேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. கஷ்டம் தப்பு இல்ல. சொல்லாம கொள்ளாம வர்ற கஷ்டம்தான் ஆளைத் திருப்பி அனுப்பிடுது.

பேய் கேம்ல இந்தச் சண்டை ரொம்பப் பழசு. எங்க பள்ளிக்கூட வயசுல, 1985-ல, கேப்காம் கம்பெனி ‘மாகாய்முரா’ன்னு ஒண்ணு விட்டாங்க. வெளிநாட்டுல பேரு ‘கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ்’. ஆர்தர்னு ஒரு வீரன். இடுகாட்டுல ஆரம்பிக்கும், மண்ணுக்குள்ள இருந்து பிணங்க எழுந்து வரும். ஒரு அடி பட்டா கவசம் கழண்டு ஜட்டியோட நிப்பார். இன்னொரு அடி பட்டா எலும்புக்கூடு. குதிச்சுட்டா நடு ஆகாயத்துல திசை மாத்த முடியாது. முதல் லெவல்லேயே சிவப்பா ஒரு சிறகு வச்ச பிசாசு வரும். நாங்க எறியறதுக்கு முன்னாடியே விலகிடும். எத்தனையோ பேரு அதைத் தாண்டினதே இல்ல. தாண்டி கடைசிவரைக்கும் போனா, ‘இது சாத்தானோட மாயை, மறுபடி முதல்லேருந்து வா’ன்னு அனுப்பிடுவான். ரெண்டாவது தடவை முடிச்சாத்தான் முடிவு.

அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அது கடையில காசு போட்டு விளையாடற மெஷின். சீக்கிரம் செத்தாத்தான் அடுத்த காசு விழும். கஷ்டம்தான் கடைக்காரர் வருமானம். தம்பி கேமுக்கு யாரும் காசு போடப் போறதில்ல. இலவசமா குடுக்கற கேம்ல காசு மெஷினோட கஷ்டம் எதுக்கு? இதைச் சொன்னப்போ முதல் தடவையா சிரிச்சான்.

அடுத்து அவனுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கதை. டோபி ஃபாக்ஸ்னு ஒரு அமெரிக்கர். 2008-ல, அவருக்கு 17 வயசு இருக்கும்போது, ‘எர்த்பவுண்ட்’னு ஒரு பழைய நிண்டெண்டோ கேமை எடுத்து மாத்தி, ஹாலோவீனுக்காக ஒரு பேய் கேம் செஞ்சார். அது தாவற கேம் இல்ல, சண்டை போட்டு கதையில நடந்து போற வகை. ரசிகர் செஞ்ச ஹாலோவீன் கேம்னா அதைத்தான் பல பேர் சொல்வாங்க. அதுவும் ஆரம்பத்துலேருந்தே அடி மேல அடி. அதுல கடைசி சண்டைக்கு அவரே ஒரு இசை போட்டார். பேரு ‘மெகலோவேனியா’. உங்க பிள்ளைங்ககிட்ட அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, உடனே வாயாலேயே வாசிச்சுக் காட்டுவாங்க.

ஏழு வருஷம் கழிச்சு, 2015-ல, அதே ஆள் ‘அண்டர்டேல்’னு சொந்தமா ஒரு கேம் விட்டார். உலகம் பூரா போச்சு. அதுலயும் அந்த இசை வருது, அதுலயும் ஒரு பயங்கரமான சண்டை இருக்கு. சான்ஸ்னு ஒரு எலும்புக்கூடு. ஆனா அதை எங்க வச்சார் பாருங்க. எல்லாரையும் கொன்னுக்கிட்டே போறவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சண்டை வரும். வழியில எத்தனையோ இடத்துல, இது சரியான பாதை இல்லன்னு கேமே உணர்த்தும். அதையும் மீறிப் போனா கடைசியில அது நிக்கும். விளையாடறவர் தானே தேர்ந்தெடுத்த பாதையோட முடிவுல. கஷ்டத்தை எங்க வைக்கணும்னு அந்த ஏழு வருஷத்துல கத்துக்கிட்டார்னு நாங்க நினைக்கிறோம். 17 வயசுல செஞ்சதைக் குப்பைன்னு அழிச்சிட்டு எழுந்து போயிருந்தா?

ரொம்பத் தூரம் போக வேண்டாம், நம்ம பாலத்துக்கு அந்தப் பக்கமே ஒரு ஆள் இருக்கார். சிங்கப்பூர்க்காரர், சியாவ் சோங் ஹுய். மெகா மேன் ரசிகர். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன்’னு ஒரு ஃபேன் கேம் செஞ்சார். சின்ன நீல ரோபோ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆளுங்களோட மோதுது. ரியூ, சுன்-லி, பிளாங்கா எல்லாம் இருக்காங்க. கழுத்துல மண்டையோட்டு மாலையோட, கையை நீட்டி அடிக்கிற நம்ம ஊரு யோகி டால்சிமும் இருக்கார். கேப்காம் கம்பெனி அதைத் தடுக்காம, கை குடுத்து, 2012 டிசம்பர் 17-ல கம்ப்யூட்டருக்கு இலவசமா அவங்களே வெளியிட்டாங்க. முதல் மெகா மேன் வந்து சரியா 25 வருஷம் முடிஞ்ச நாள் அது.

அந்த கேம்லயும் குறை இருந்துச்சு. முதல்ல வந்தப்போ, விட்ட இடத்துலேருந்து தொடர வழியே இல்ல. உக்காந்தா ஒரே மூச்சுல முடிக்கணும். இல்லன்னா அடுத்த நாள் மறுபடி முதல்லேருந்து. வேலைக்குப் போறவன் என்ன செய்வான்? ரசிகர்கள் குறை சொன்னாங்க. அடுத்த மாசமே, 2013 ஜனவரியில, பாஸ்வேர்ட் போட்டுத் தொடரலாம்னு மாத்தி ரெண்டாவது பதிப்பு வந்துச்சு.

மெகா மேன் வகையில இன்னொரு விசேஷமும் இருக்கு, தம்பிதான் சொன்னான். எட்டு எதிரிங்கள்ல யாருகிட்ட வேணும்னாலும் முதல்ல போகலாம். ஒருத்தரை ஜெயிச்சா அவரோட ஆயுதம் நமக்கு. அந்த ஆயுதம் இன்னொருத்தருக்கு விஷம் மாதிரி. தப்பான வரிசையில போனா மலை, சரியான வரிசையில போனா மேடு. கஷ்டம் இருக்கு, ஆனா சுத்திப் போக ஒரு வழியும் இருக்கு. தம்பி கேம்ல கிணறு ஒண்ணுதான் வழி. அதுல மாட்டினவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெற்றோருக்கும் பசங்களுக்கும் இங்க ஒரு எச்சரிக்கை. எல்லா கம்பெனியும் கேப்காம் மாதிரி கை குடுக்காது. அர்ஜென்டினாக்காரர் மில்டன் குவாஸ்டி, பல வருஷம் உழைச்சு, மெட்ராய்டு வரிசையில ஒரு பழைய கேமைப் புதுசா செஞ்சு 2016 ஆகஸ்ட்ல இலவசமா விட்டார். சில நாள்லயே நிண்டெண்டோ சட்டப்படி இறக்க வச்சுட்டாங்க. பிறகு அவர் ‘ஓரி’ன்னு ஒரு பேர்போன கேமோட ரெண்டாம் பாகத்துல லெவல் அமைக்கற வேலைக்குப் போனார், அது வேற விஷயம். அடுத்தவங்க பாத்திரத்தை வச்சு செஞ்சதைக் காசுக்கு விக்காதீங்க. பழகறதுக்குச் செய்யலாம். ஊருக்குக் குடுக்கணும்னா சொந்தமா ஒரு உருவத்தை வரைஞ்சுடுங்க. தம்பிகிட்ட சொன்னோம், நீல ரோபோவை எடுத்துட்டு, அந்த தலைவிளக்கு கட்டின பால்மரத் தொழிலாளியையே கதாநாயகனா போடுன்னு. யோசிக்கிறேன் அங்கிள்னு சொல்லியிருக்கான்.

அப்புறம் எண்ணின தாளை அவன் கையில குடுத்தோம். நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு எதுவும் சொல்லல. 49 கோடு போட்ட கட்டத்தைக் காட்டி, இங்க என்ன நடக்குதுன்னு மட்டும் கேட்டோம். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தான். குப்பைன்னு சொன்னா ஒரு பையன் என்ன செய்ய முடியும்? இந்த இடம்னு சொன்னாத்தான் கையை வைக்க முடியும்.

ரெண்டு வாரம் கழிச்சு திரும்பக் கொண்டு வந்தான். நாலு மாத்தம் செஞ்சிருந்தான்.

ஒண்ணு, விழற பலகை இப்போ மூணாவது லெவல்லேயே ஒண்ணு வருது. கீழ தரைதான், விழுந்தாலும் சாகமாட்டோம். பலகை விழும்னு அங்கேயே கத்துக்கிறோம்.

ரெண்டு, வெளவால் வர்றதுக்கு முன்னாடி ஒரு கீச் சத்தம்.

மூணு, கிணத்துக்கு நடுவுல ஒரு அகல் விளக்கு. அதைத் தொட்டுட்டா, செத்தாலும் அங்கேயிருந்து தொடரலாம்.

நாலு, பொந்தியானாக் இப்போ வாழைமரத்துக்கு வாழைமரம் மாறி மாறி நிக்குது.

பலகை விழற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னோம். “அது மட்டும் இருக்கட்டும் அங்கிள்”னான். சரி, அவன் கேம்.

மறுபடி அதே நாலு பேர், அதே மாதிரி தாள். மொத்தம் 41. லெவல் வரிசையா 5, 6, 8, 15, 7. நாலாவது இன்னும் கஷ்டம்தான், ஆனா நாலு பேரும் தாண்டிட்டோம். எங்கள்ல மூத்தவர் தாண்டினப்போ போட்ட சத்தத்துல மடப்பள்ளியிலேருந்து ஆள் ஓடி வந்தாங்க. அஞ்சாவதுல பாப்பா முதல் தடவையா பயந்துச்சு. நல்ல பயம்.

இப்போ அந்தத் தாயாருக்கு எங்க பதில்.

அம்மா, நிறுத்தச் சொல்ல வேண்டாம். இதுல பணம் வருமா, பேர் வருமான்னு எங்களால சொல்ல முடியாது. நம்ம நாட்டுலயும் ஆளுங்க இருக்காங்க. ஃபைனல் ஃபேன்டஸி கேம்ல வேலை செஞ்ச வான் ஹஸ்மர்ங்கிறவர் மலேசியாவுக்குத் திரும்பி வந்து, கூட்டாளியோட கம்பெனி ஆரம்பிச்சு, 2020-ல ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’னு கேம் விட்டிருக்கார். அது பெரிய இடம். நாங்க பார்த்தது சின்ன விஷயம். குறை சொன்னப்போ உங்க பையன் கோவிச்சுக்கிட்டுப் போகல. காரணத்தைத் தேடினான், ரெண்டு வாரத்துல சரி செஞ்சான், எதை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னும் தெரிஞ்சு வச்சிருந்தான். எங்க லைன்ல இப்படி ஒரு ஆள் வந்தா நாங்க விடமாட்டோம்.

ஆனா எஸ்.பி.எம். முடியற வரைக்கும் சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் மட்டும். இதை அவன் முன்னாடியே பேசி, அவனும் சரின்னு சொல்லிட்டான். பாலிடெக்னிக்லயும் கல்லூரியிலயும் இதுக்குப் படிப்பு இருக்கு. உள்ள நுழைய அந்தச் சான்றிதழ் வேணும். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல லேப்டாப் உங்க ரூம்ல இருக்கட்டும். சாப்பிடறானான்னு வெள்ளிக்கிழமை நாங்க பார்த்துக்கறோம். போன வாரம் ரெண்டு தட்டு சாப்பிட்டான்.

கேம் செய்ற மத்த பசங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு. செஞ்சு முடிச்சதும் உங்களை மாதிரி நல்லா விளையாடற கூட்டாளிகிட்ட மட்டும் குடுக்காதீங்க. கேம் தொடாத ஒரு மாமா, ஒரு அத்தை, ஒரு சின்னப் பிள்ளை, இவங்ககிட்ட குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு பின்னால நில்லுங்க. எங்க சாகறாங்கன்னு கோடு போடுங்க.

தம்பியோட கேம் பரீட்சைக்கு அப்புறம், புது உருவத்தோட, பேர் வச்சதும் இங்கேயே அறிவிப்போம். விளையாடிப் பார்த்துட்டு நல்லா இருக்கு, இல்லன்னு மட்டும் எழுதாதீங்க. எந்த லெவல், எந்த இடம், எத்தனை தடவைன்னு எழுதுங்க.